புதிய வேலைக்குப் பழைய பயோடேட்டா போதுமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் துறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். வேலைக்கு விண்ணப்பிப்போர் அனுப்பும் தாள்களைப் படித்துப் பிரிப்பதே என் அன்றாட வேலையாக இருந்தது. அந்தத் தாளுக்குத் தன்விவரக் குறிப்பு என்று நல்ல தமிழில் பெயருண்டு. நம் ஊரில் எல்லோரும் பயோடேட்டா என்றே சொல்லுகிறோம். ஆகவே நானும் அப்படியே சொல்லுகிறேன்.

இன்று நான் பேசப்போவது முதன்முதலாக வேலை தேடும் இளைஞரின் பயோடேட்டாவைப் பற்றியன்று. ஒரு தொழிலில் பத்து, பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது வேறொரு தொழிலுக்குள் நுழைய வேண்டிய நிலையில் இருப்பவரின் பயோடேட்டாவைப் பற்றியது. இந்த மன்றத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கை உயர்த்தச் சொல்ல எனக்கு மனமில்லை. சொல்லாமலே தெரிகிறது.

தொழில் மாறுவது நம் பகுதிக்குப் புதிதன்று. பரங்கிப்பேட்டைத் துறைமுகத்தை நம்பிக் கப்பல் வாணிபம் செய்த குடும்பங்கள் பின்னர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்தன. பர்மாவுக்குப் போனவர்கள் 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போதும், 1960-களில் அங்கே கடைகளும் வாணிபமும் நாட்டுடைமையாக்கப்பட்டபோதும் வெறுங்கையுடன் திரும்பினார்கள். 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்ததற்குப் பிறகு வளைகுடாவின் கதவு திறந்தது. நம் ஊர்களின் மாடி வீடுகள் பலவும் அந்தக் கதவின் வழியாக வந்தவையே. அந்தக் கதவு சிலருக்கு இப்போது மூடிக்கொண்டிருக்கிறது. சவூதியில் 2011-இல் அறிவிக்கப்பட்டு 2013-இல் கடுமையாக்கப்பட்ட நிதாகத், 2017 முதல் குடும்பத்தாருக்கு விதிக்கப்பட்ட மாதக் கட்டணம், 2020-இல் வந்த கொரோனா ஆகிய மூன்றும் அடுத்தடுத்துப் பலரை ஊருக்கு அனுப்பின. 2020 மே மாதம் தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் வந்திறங்கியவர்களில் நம் மஹல்லாவாசிகளும் உண்டு.

வளைகுடாவை மட்டும் சொல்வதற்கில்லை. இதே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1929-இல் தோன்றிய அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தால் ஓய்வு பெறும் வரை ஊரை விட்டு நகர வேண்டியதில்லை என்றே நம் தகப்பன்மார் எண்ணியிருந்தனர். நிதி நெருக்கடிக்குப் பின் 2013-இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றது. தேவைக்கு மிகுதியாக இருந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆயிரக்கணக்கில் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் வெவ்வேறு துறை அலுவலகங்களுக்கும் பணிநிரவல் செய்யப்பட்டார்கள். தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டுகளைக் கையாண்டவர் வேறொரு மாவட்டத்தின் அலுவலகத்தில் கோப்புகளைக் கையாள நேர்ந்தது. அவர்களுக்கு வேலை போகவில்லை, சம்பளமும் நிற்கவில்லை. எனினும் 'நான் இதுவரை செய்ததில் எது இங்கே பயன்படும்?' என்ற கேள்வியை நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாக அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கேள்விக்கு விடை எழுதும் தாளே தொழில் மாறுபவரின் பயோடேட்டா.

இப்போது நம்மவர்கள் கொண்டுவரும் பயோடேட்டா எப்படி இருக்கிறது? முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பயோடேட்டா என்ற தலைப்பு. அதன் கீழே தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், அது வழங்கப்பட்ட இடம், காலாவதியாகும் நாள். பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண். அதன் பிறகு மூன்று கம்பெனிகளின் பெயர்கள். கடைசியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மையென உறுதி கூறுகிறேன் என்ற வாசகமும் கையொப்பமும். பதினைந்து ஆண்டுகள் அந்த மனிதர் என்ன செய்தார் என்பது மட்டும் எங்கும் இல்லை! இது அவர் குற்றமன்று. டிராவல்ஸ் அலுவலகத்தில் விசாவுக்காகத் தட்டச்சு செய்து கொடுத்த படிவம் அது. விசாவுக்குப் பாஸ்போர்ட் எண் வேண்டும், மதமும் கேட்பார்கள். திருப்பெரும்புதூரிலுள்ள கிடங்கு மேலாளருக்கோ கடலூர் சிப்காட் தொழிற்சாலைக்கோ அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. சொல்லப்போனால் பாஸ்போர்ட் எண்ணையும் ஆதார் எண்ணையும் தாளில் அச்சடித்துக் கண்டவரிடமெல்லாம் கொடுப்பது ஆபத்தும் ஆகும். வேலை உறுதியான பின் கேட்கும்போது கொடுத்தால் போதும்.

வேலைக்காகத் தன்னைப் பற்றி எழுதிய பழைய கடிதங்களில் புகழ்பெற்றது இத்தாலியின் லியோனார்டோ டாவின்சி 1482 வாக்கில் மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதியதாகும். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும், ஓவியராகப் பெயர் பெற்றிருந்தார். ஆட்சியாளருக்கோ அப்போது போர்க் கவலை. ஆகவே கடிதத்தில் எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், பீரங்கிகள், அகழி நீரை வடிக்கும் வழிகள் என்று வரிசையாக எழுதி, அமைதிக் காலத்தில் கட்டடமும் கட்டுவேன், சிலையும் செய்வேன், ஓவியமும் தீட்டுவேன் என்று இறுதியில்தான் குறிப்பிட்டார். தாம் எதில் பெரியவர் என்பதை விட, படிப்பவருக்கு எது தேவை என்பதை முன்னே வைத்தார். (அந்தப் பீரங்கிகளை அவர் அதற்கு முன் செய்து பார்த்திருந்தாரா என்பது வேறு விஷயம். அந்தப் பகுதியை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.)

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இருந்தவர். அந்தப் பணியை விட்டு இரும்புத் தொழிலில் இறங்கி, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதுவை ஆற்று வழியாகக் கொண்டுவந்து உருக்கினார்கள். ஆலை நட்டப்பட்டது. ஆனால் அவர் இங்கிலாந்து திரும்பியபோது தோற்றுப்போன வியாபாரியாக மட்டும் திரும்பவில்லை. இரும்பைப் பற்றி அறிந்தவராகத் திரும்பினார். உருக்கு தயாரிப்பில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார், ஷெஃபீல்டு நகரத்து எஃகுத் தொழில் அதனால் பயனடைந்தது. அவருக்குப் பணம் சேரவில்லை, வழக்குதான் மிஞ்சியது என்பது வருத்தமான செய்தி. நான் இங்கே சொல்ல வருவது, கம்பெனி மூடப்பட்டாலும் அங்கே கற்றது நம்முடன் வருகிறது என்பதையே. அதை எழுதத் தெரிய வேண்டும்.

எழுதுவது எப்படி? தம்மாமில் பதினைந்து ஆண்டுகள் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பழைய தாளில் இருந்தது ஒரே வரி: '2005 முதல் 2020 வரை, தனியார் நிறுவனத்தில், ஸ்டோரில் வேலை'. அருகில் அமர்ந்து கேட்டேன். காலையில் போனவுடன் என்ன செய்வீர்கள்? லாரி வந்தால் யார் கையெழுத்திடுவார்? பொருள் குறைந்தால் யாருக்குத் தெரிவிப்பீர்கள்? எதில் பதிவு செய்வீர்கள்? ஒரு மணி நேரம் பேசிய பின் தெரிந்தது இது: கட்டுமானப் பொருள் கிடங்கின் முழுப் பொறுப்பு அவருடையது. ஏறத்தாழ நான்காயிரம் வகைப் பொருள்களின் வரவும் இருப்பும் கணினியில் அவர் பராமரித்தவை. ஆறு பேர் அவருக்குக் கீழ் வேலை செய்தனர். மூன்று கட்டுமானத் தளங்களுக்கு நாள்தோறும் பொருள் அனுப்பியிருக்கிறார். ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பில் பொருள் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அரபு, உருது, மலையாளம் மூன்றிலும் பேசுவார். இவை அத்தனையும் 'ஸ்டோரில் வேலை' என்ற இரண்டு சொற்களுக்குள் புதைந்து கிடந்தன. சென்னையைச் சுற்றிப் பெருகியுள்ள இணைய வணிகக் கிடங்குகள் தேடுவது இத்தகைய ஆளைத்தான். ஆனால் அங்கே அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஸ்டோர் கீப்பர் என்பதன்று, 'இருப்புக் கட்டுப்பாடு, பொருள் அனுப்புகை, ஆள் மேற்பார்வை' என்பதாகும். பழைய தொழிலின் பெயரைப் புதிய தொழிலின் மொழியில் சொல்ல வேண்டும். அந்த மொழியை எங்கே கற்பது? வேலை விளம்பரத்திலேயே இருக்கிறது. விளம்பரங்கள் நான்கைந்தை எதிரில் வைத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். அவற்றுள் நீங்கள் உண்மையாகவே செய்தவற்றை அதே சொற்களில் எழுதுங்கள்.

குவைத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டு டிரைவராக இருந்தவர் பள்ளி வாகனங்களின் மேற்பார்வையாளராக முடியும். ஆனால் 'ஹவுஸ் டிரைவர்' என்று மட்டும் எழுதினால் எவரும் அப்படி எண்ணமாட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டியது, பிள்ளைகளை நேரத்துக்குப் பள்ளியில் சேர்த்தது, வண்டியின் பராமரிப்பையும் காப்பீட்டையும் தேதி தவறாமல் கவனித்தது ஆகியவற்றை எழுத வேண்டும். எண்கள் இருந்தால் எண்களை எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை வண்டி, எத்தனை ஆண்டு என்று. 'கடின உழைப்பாளி, நேர்மையானவன், எதையும் கற்கும் ஆர்வமுடையவன்' என்ற வாசகங்களை எல்லோரும் எழுதுவதால் அவற்றை யாரும் படிப்பதில்லை.

அமைப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், ஊர் ஆகியவை மேலே இரண்டு வரியில் முடியட்டும். அதன் கீழே நான்கு வரியில் ஒரு சுருக்கம்: நான் யார், எத்தனை ஆண்டு அனுபவம், இப்போது எந்த வேலையை நாடுகிறேன், அதற்கு என்னிடம் என்ன இருக்கிறது. தொழில் மாறுபவருக்கு இந்த நான்கு வரியே உயிர். இது இல்லாவிட்டால் படிப்பவர், 'டிரைவருக்கு இங்கென்ன வேலை?' என்று தாளைத் திருப்பி வைத்துவிடுவார். அதன் பின் புதிய வேலைக்குப் பொருந்தும் திறன்கள், ஒவ்வொன்றும் எங்கே செய்ததென்ற சான்றுடன். பிறகு பணி வரலாறு, கடைசி வேலை முதலில். பிறகு படிப்பு. இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

திறன்களை மட்டும் எழுதிப் பணி வரலாற்றை முழுவதும் விட்டுவிடும்படி சிலர் அறிவுரை கூறுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேதிகள் இல்லாத தாளைப் பார்த்தவுடன் என் போன்றோர் முதலில் ஐயுறுவது, இவர் எதை மறைக்கிறார் என்பதைத்தான்.

அதே காரணத்தால் இடைவெளியையும் மறைக்காதீர்கள். '2020 ஜூன் முதல் 2021 டிசம்பர் வரை: கொரோனா காரணமாகத் தாயகம் திரும்பினேன், குடும்பக் கடையின் கணக்கைக் கவனித்தேன்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் அது முடிந்த கதை. சகோதரிகளுக்கும் இதுவே. பிள்ளைகள் வளரும் வரை ஒன்பது ஆண்டுகள் ஆசிரியப் பணியை விட்டிருந்த ஒருவர் தம் தாளில் அந்த ஒன்பது ஆண்டுகளை வெற்றிடமாக விட்டிருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் மாலை வகுப்பு நடத்தினார், மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகத்தை எழுதினார், வங்கிக்குப் போய் வந்தார். வங்கிச் சேவை மையத்தில் வேலை தேடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான அனுபவம் எது?

இனி, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். இக்காமாவில் எழுதியிருக்கும் தொழில் ஒன்று, செய்த தொழில் வேறொன்று. 'ஆமில்', அதாவது கூலித் தொழிலாளி, என்ற விசாவில் போய்ப் பத்து ஆண்டுகள் கணக்கு எழுதியவர்கள் உண்டு. பயோடேட்டாவில் எதை எழுதுவது? செய்ததை எழுதுங்கள். ஆனால் ஆவணத்தில் வேறு பெயர் இருப்பதை நேர்முகத் தேர்வில் கேட்பதற்கு முன்னரே நீங்கள் சொல்லிவிடுங்கள். செய்த பணியைக் குறிப்பிடும் கடிதம் ஒன்றைக் கம்பெனி மேலாளரிடம் அவர்களுடைய முத்திரைத் தாளில் வாங்கி வைத்துக்கொள்வதே இதற்குச் சரியான பாதுகாப்பு. இன்னும் அங்கே இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் தம்பிமார்களுக்கும் இன்றிரவே தொலைபேசியில் சொல்லுங்கள்: எக்ஸிட் அடிப்பதற்கு முன் சர்வீஸ் சர்டிபிகேட்டை வாங்குங்கள். ஊருக்கு வந்த பின், அதிலும் கம்பெனி மூடப்பட்ட பின், அதைப் பெறுவது மிகக் கடினம்.

சான்றிதழே இல்லாதவர் என்ன செய்வது? கைத்தொழில் உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு. வெல்டிங், பிளம்பிங், மின்பணி போன்றவற்றை அனுபவத்தால் கற்றவர்களைச் சோதித்துச் சான்று வழங்கும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற ஏற்பாட்டை மத்திய அரசு தன் திறன் பயிற்சித் திட்டத்தில் 2015 முதல் வைத்திருக்கிறது. 2020-இல் வெளிநாட்டிலிருந்து திரும்பியோரின் திறன்களைப் பதிவு செய்ய ஸ்வதேஸ் என்ற பதிவேட்டையும் தொடங்கினார்கள். இத்திட்டங்களின் விதிகள் அவ்வப்போது மாறுவதால், சிதம்பரம் அரசு ஐ.டி.ஐ.யிலோ கடலூரிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்திலோ நேரில் விசாரிப்பது நல்லது. அந்த மையம் தனியார் நிறுவனங்களை அழைத்து நடத்தும் முகாம்களுக்கும் செல்லலாம். தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பதிவு செய்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பணம் கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கலாமா என்று ஒரு தம்பி என்னிடம் தனியே கேட்டார். இது மார்க்கத்தில் கூடுமா என்பதை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் துறையின் பதில் இது: பிடிபடும். 2014 முதல் வருங்கால வைப்பு நிதியில் ஒவ்வொருவருக்கும் ஒரே நிலையான எண் வழங்கப்படுகிறது. எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பணம் கட்டப்பட்டது என்பது அதில் வரிசையாக நிற்கும். பெரிய நிறுவனங்கள் பின்னணியைச் சரிபார்க்கவே தனி ஆள்களை நியமிக்கின்றன. சேர்ந்து ஆறு மாதம் கழித்து வெளியேற்றப்பட்டால், அதற்குப் பின் எழுத வேண்டிய பயோடேட்டா இன்னும் கடினமானது. அண்ணாமலையிலோ வேறிடத்திலோ தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவர்களும் படித்த முறையையும் ஆண்டையும் உள்ளபடியே எழுதுங்கள். அங்கீகாரம் பற்றிய கேள்வி ஆண்டைப் பொறுத்தே வருகிறது.

கணினி பற்றி ஒன்று. பெரிய நிறுவனங்களில் உங்கள் தாளை முதலில் படிப்பது மனிதனன்று, மென்பொருள். அது கட்டங்களையும் பூ வேலைப்பாடுகளையும் சரியாகப் படிக்காது. தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் பல நேரங்களில் அதற்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே எளிய எழுத்தில், கட்டமின்றித் தட்டச்சு செய்து, பி.டி.எஃப். கோப்பாக மாற்றி அனுப்புங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள். பிரவுசிங் சென்டரில் 'நியூ டாக்குமெண்ட் 3' என்று அனுப்பிவிடுகிறார்கள், அதைப் பெறுபவர் எப்படித் தேடுவார்? எழுதும் ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள், கல்லூரியில் படிக்கும் உங்கள் மகளோ மகனோ ஆங்கிலத்தில் எழுதித் தரட்டும். அதனால் வேறொரு நன்மையும் உண்டு. தகப்பனார் அங்கே என்ன செய்தார் என்பது பல வீடுகளில் பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரியவருகிறது.

வயதைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறீர்கள். நாற்பத்தைந்து வயதுக்காரரைத் தயங்கி ஏற்கும் நிறுவனங்கள் இருக்கவே செய்கின்றன, அதை இனிப்புத் தடவிச் சொல்ல நான் வரவில்லை. சம்பளமும் ரியாலைப் பெருக்கிப் பார்த்த கணக்கில் கிடைக்காது. அந்தக் கணக்கை நேர்முகத் தேர்வில் சொல்லவும் வேண்டாம். ஆனால் இரவுப் பணிக்கு, பொருள் பாதுகாப்புக்கு, பத்துப் பேரைக் கட்டி மேய்க்கும் பொறுப்புக்கு இளைஞரை விட அனுபவசாலியைத் தேடும் மேலாளர்களும் உண்டு. நானே தேடியிருக்கிறேன். உங்கள் தாள் அவர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கே அவருக்குப் புரிய வேண்டும்.

இப்போது ஒவ்வொருவராக அமர்ந்து எழுதத் தொடங்கலாம் என்று செயலாளர் அவர்கள் கூறியுள்ளார்கள். வரும்போது பழைய பயோடேட்டா, கையிலிருக்கும் சான்றிதழ்களின் நகல்கள், பாஸ்போர்ட்டில் போய்வந்த தேதிகளை எழுதிய ஒரு துண்டுத் தாள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். மூலச் சான்றிதழ்கள் வீட்டிலேயே இருக்கட்டும். எந்த வேலைக்குப் போக விரும்புகிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதி வாருங்கள். இரண்டு வேலைகள் மனத்தில் இருந்தால் இரண்டு தாள் எழுத வேண்டியிருக்கும். அதற்கும் நேரம் இருக்கிறது. வஸ்ஸலாம்.